நிரப்பி மூடிய தண்ணீர்

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள நண்டின் அம்மாவுக்கு,

இங்கே நானும் என் மூன்று மோட்டார்களும் சௌக்கியம். மூன்றாவது மட்டும் லேசாக முனகுகிறது என்று மேலதிகாரி சொல்கிறார். எனக்கு எங்கே கேட்கப்போகிறது. கையை வைத்துப் பார்த்தேன், அவர் சொல்வது சரிதான், பேரிங் போகப்போகிறது. இருபத்தெட்டு வருஷம் பம்பு அறையில் நின்றவனுக்குக் காது போனாலும் விரல் போகவில்லை.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நம் பெண் நண்டு தானே ஒரு கம்ப்யூட்டர் கட்டுகிறாள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. இரண்டு வருஷமாக ஒவ்வொரு சாமானாகச் சேர்த்தாளாம், தண்ணீர்க் கூலரும் ஃபேன்களும்தான் பாக்கியாம், "அதை வேணும்னா அப்பா வாங்கித் தரட்டும்" என்றாளாம். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அவள் வாயால் 'அப்பா' என்றுதான் சொன்னாளா, இல்லை 'அவரு' என்றாளா? நீ அழகுக்காக மாற்றி எழுதியிருந்தாலும் பரவாயில்லை. வாங்குவது வாங்குவதுதான்.

ஐந்து வருஷத்தில் அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்காததில் தப்பு இல்லை. அவள் நோட்டை எடுத்துப் படித்தவன் நான். இந்தக் கூலரையாவது ஒழுங்காக வாங்கிக் கொடுத்தால் அவள் என்னோடு நாலு வார்த்தை பேசமாட்டாளா என்று இருக்கிறது. வேறு ஆசை எனக்கு இல்லை.

ஆனால் எனக்குத் தெரிந்த தண்ணீர் கிணற்றிலிருந்து தொட்டிக்குப் போகும் தண்ணீர். கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் என்ன செய்கிறது? எந்த அளவு, எத்தனை ஃபேன், விவரமாக எழுது.

இப்படிக்கு,
நண்டின் அப்பா


மார்ச் 8, ஞாயிறு

நண்டின் அப்பாவுக்கு,

'அப்பா' என்றுதான் சொன்னாள். எனக்கு அழகுக்கு எழுதத் தெரியாது என்று உங்களுக்குத் தெரியும்.

விவரம் கேட்டீர்கள். நண்டு பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதுகிறேன், தப்பு இருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. கம்ப்யூட்டரின் மூளை வேலை செய்யும்போது கொதிக்குமாம். அதன் தலையில் ஒரு சின்ன பம்பு உட்காருமாம். அது தண்ணீரை இரண்டு குழாய் வழியாகக் கேபினெட் என்கிற வெளிப்பெட்டியின் மேலே இருக்கும் ரேடியேட்டருக்குத் தள்ளும், அங்கே ஃபேன் காற்றடித்து ஆற்றும், தண்ணீர் திரும்பி வரும். "அப்பாவுக்குப் பம்புன்னா புரியும், அதைச் சொல்லு" என்றாள். அதனால்தான் இந்தச் சாமானை உங்களுக்கு ஒதுக்கினாளோ என்னவோ, நான் கேட்கவில்லை.

தண்ணீர் ஊற்றி நாமே குழாய் மாட்டும் வகை வேண்டாமாம். கம்பெனியிலேயே நிரப்பி மூடி வருவது வேண்டும். என் தையல் டேப்பை வைத்துக் கேபினெட்டை அளந்தோம். மேலே மூன்று ஃபேன் நீளத்துக்கு இடம் இருக்கிறது. மேல்தட்டுக்கும் கீழே இருக்கும் போர்டுக்கும் நடுவில் நாலு விரல் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி, ஆகவே தடித்த ரேடியேட்டர் ஆகாது. கூலரோடு மூன்று ஃபேன் வரும். தனியாக இன்னும் மூன்று வேண்டும், முன்னால் இரண்டு உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. எல்லாம் 120 மில்லிமீட்டர்.

விளக்கு எரியும் ஃபேன் வாங்கிவிடாதீர்கள். இருப்பது ஒரே அறை, அதைச் சர்க்கஸ் கொட்டகை ஆக்க நான் விடமாட்டேன். சத்தமும் போடக்கூடாது. இது எனக்காக. டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடிப்பதுதான் என் பிழைப்பு. பழைய கம்ப்யூட்டர் கத்திய கத்தலில் டாக்டர் 'கட்டி இருக்கு' என்றாரா 'இல்லை' என்றாரா என்று நாலு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டிருக்கிறேன். பாவம், யாரோ ஒருவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

நண்டுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. எட்டு நிமிஷ அனிமேஷன் படம் ஒன்று செய்திருக்கிறாள். இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அதை அனுப்பினால்தான் அவள் ஆசைப்பட்ட அனிமேஷன் கல்லூரியில் இடம். ரெண்டர் என்று ஒன்று இருக்கிறதாம், படம் முழுதாக வெந்து வருவது மாதிரி. அதற்குக் கம்ப்யூட்டர் நாலு நாள் நிற்காமல் ஓட வேண்டும். நாலு நாளும் சூடு ஏறாமல் இருக்க வேண்டும். போன வருஷம் ஒரு மார்க்கில் போனது. இந்த வருஷத்தோடு வயது வரம்பும் முடிகிறது. ஆகவே பார்த்து வாங்குங்கள்.

போன் நம்பர் கொடு என்று கேட்காதீர்கள். என் போனை நான் குளிக்கும்போது எடுத்துப் பார்த்த கை உங்கள் கை. கடிதமே போதும்.

அவள் அம்மா


மார்ச் 13, வெள்ளி

அன்புள்ள நண்டின் அம்மாவுக்கு,

பார்சல் இன்று போட்டுவிட்டேன். செவ்வாய்க்குள் வந்துவிடும்.

மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடைக்காரர் நான் 'என்ன?' என்று இரண்டாம் தடவை கேட்டதுமே வேறு ஆளைப் பார்க்கப் போய்விட்டார். இரண்டாவது கடையில் எல்லாமே விளக்கு. மூன்றாவது கடையில் ஒரு கண்ணாடி போட்ட அம்மா, நான் காதைத் தொட்டுக் காட்டியதும் ஒரு துண்டுத்தாளை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அரை மணி நேரம் எழுதியே வியாபாரம் செய்தோம். நான் பேச, அவர்கள் எழுத. நான் ரொம்பச் சத்தமாகப் பேசினேன் போலிருக்கிறது, கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சத்தம் போடாத ஃபேன் வேண்டும் என்று ஒரு செவிடன் கேட்டால் அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்கே சிரிப்பு வந்தது. ஆறு வகை ஃபேனை ஓட்டிக் காட்டச் சொன்னேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் நகத்தை வைத்துப் பார்த்தேன். நாலு வகை நகத்தில் சொறசொறவென்று ஏறியது. ஒன்று நன்றாக இருந்தது, ஆனால் வேகத்தைக் குறைத்தால் உதறியது. மூலைக்கு மூலை ரப்பர் வைத்த கறுப்பு ஃபேன் ஒன்றுதான் ஓடுகிறதா இல்லையா என்றே நகத்துக்குத் தெரியவில்லை. அதில் மூன்று எடுத்தேன். சத்தம் வந்தால் என்னைக் கேள்.

கூலரும் நீ சொன்ன அளவுதான், மெலிந்த ரேடியேட்டர். ஆனால் ஒன்று சொல்கிறேன். நிரப்பி மூடியாகிவிட்டது, அவ்வளவுதான் என்கிறார்கள். யார் நிரப்பினார்கள், எவ்வளவு நிரப்பினார்கள், யார் பார்த்தது? ஒரு சொட்டு நான் பார்க்காமல் எந்தப் பம்பையும் நான் ஓட்டியதில்லை. அறைக்கு வந்து அதைத் தாடை எலும்பில் வைத்து மெதுவாக ஆட்டினேன். உள்ளே தண்ணீர் தளும்புவது பல்லில் தெரிந்தது. தளும்பினால் காற்று இருக்கிறது என்று அர்த்தம். காற்றுப் பிடித்த பம்பு என்ன பாடு படுத்தும் என்று எனக்குத்தான் தெரியும்.

சரி, கவலைப்படாதே. சரிபார்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன். நாலு நாள் என்ன, நாலு வருஷம் ஓடும். நண்டிடம் சொல்.

நானே சமைத்து நானே குறை சொல்லிக்கொண்டு காலம் ஓடுகிறது.

இப்படிக்கு,
நண்டின் அப்பா


மார்ச் 17, செவ்வாய்

அன்புள்ள நண்டின் அப்பாவுக்கு,

பார்சல் இன்று காலை வந்தது. மத்தியானத்துக்குள் மாட்டியாகிவிட்டது. இப்போது அறையில் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்கிறது. இத்தனை நாள் அது ஓடுகிறது என்பதே எனக்குத் தெரியாது. நகத்துக்கு நன்றி.

இன்னொன்று சொல்லத்தான் உடனே உட்கார்ந்தேன். பெட்டியைப் பிரித்ததும் அவள் முதலில் ஃபேனைப் பார்க்கவில்லை. ரேடியேட்டரைத் திருப்பி ஓரத்தில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள். கம்பெனி முத்திரை, அதைக் கிழித்தால் வாரண்டி கிடையாது. விளக்கைப் போட்டு நன்றாகப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா இதைத் திறக்கவே இல்ல" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அடுப்பைப் பார்ப்பது போல எழுந்து போய்விட்டேன்.

உங்களுக்கு அது ஒரு ஸ்டிக்கர். அவளுக்கு எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பதினைந்து வயதில் தலையணைக்கு அடியில் வைத்திருந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய், அவள் தோழி வீட்டு வாசலில் நின்று வரிவரியாகப் படித்தீர்கள். மெதுவாகத்தான் படித்தேன் என்பீர்கள். உங்கள் மெதுவு தெரு முழுக்கக் கேட்டது. அந்தப் பெண் பள்ளிக்கூடமே மாறிப் போனாள். அதிலிருந்து இந்த வீட்டில் ஒருவர் பொருளை இன்னொருவர் பிரிப்பதில்லை. கரண்ட் பில் அவள் பெயருக்கு வந்தால்கூட நான் தொடமாட்டேன்.

கூலரோடு வந்த புத்தகத்தை வாசித்துக் காட்டினாள். நீங்கள் தளும்புகிறது என்று எழுதியதைச் சொன்னேன், சிரித்தாள். உள்ளே கொஞ்சம் காற்று வேண்டுமென்றே விடுவார்களாம். தண்ணீர் சூடாகி விரியும்போது இடம் வேண்டுமே. இடம் இல்லாவிட்டால் மூடியைத் தள்ளிக்கொண்டு கசியுமாம். "அப்பா கிட்ட சொல்லு, அவருக்குப் பிடிக்கும்" என்றாள்.

இருபத்துமூன்றாம் தேதி திங்கள் காலையில் ரெண்டர் ஆரம்பிக்கிறாள். அன்று சாயங்காலமே கல்லூரிக்குக் கிளம்புகிறாள், அங்கே மூன்று நாள் நேர்முகத் தேர்வு. வியாழன் திரும்பி, வெள்ளி படத்தை அனுப்புவாள். கம்ப்யூட்டருக்குக் காவல் நான். அப்புறம் இருபத்தெட்டு சனிக்கிழமை படத்தைப் பார்க்க உங்களை வரச் சொன்னாள். எழுத்து மாறாமல் எழுதுகிறேன்: "முடிஞ்சா வரச் சொல்லும்மா."

இனி அவளிடம் சொல்ல வேண்டியதை அவளுக்கே எழுதுங்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரி இல்லை. எழுதினால் படிப்பாள் என்று நினைக்கிறேன்.

அவள் அம்மா


மார்ச் 21, சனி
விரைவுத் தபால்

நண்டு,

அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

முதலில் இதைப் படி. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்து. மீதியை அப்புறம் படி.

அந்தக் கூலரை நான் திறந்தேன்.

அம்மா கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. காற்று வேண்டுமென்றே விட்டது என்ற வரியில் நின்றுவிட்டேன். இன்று காலை கடையைத் திறக்கும் முன்பே போய் அந்தக் கண்ணாடி அம்மாவிடம் கேட்டேன். அவர்கள் தாளை எடுத்து 'திறந்தீங்களா?' என்று மட்டும் எழுதினார்கள். நான் தலையாட்டினேன். அவர்கள் பேனாவை மூடிவிட்டு உள்ளே போய் இன்னொரு கூலரை எடுத்து வந்தார்கள்.

என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பிளேடைச் சூடாக்கி ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிழியாமல் தூக்கினேன். அடியில் ஒரு சின்ன திருகாணி. அதைக் கழற்றி, பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரை ஊசியால் விட்டேன். தளும்பாத வரைக்கும் விட்டேன். வெள்ளை டேப் சுற்றித் திருகாணியை இறுக்கினேன். பசை தடவி ஸ்டிக்கரை ஒட்டினேன். ஒட்டியதே தெரியாமல் ஒட்டினேன். உன்னை ஏமாற்றவேண்டும் என்று நினைக்கவில்லை. கடையில் குறை சொல்லக்கூடாதே என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ விளக்கைப் போட்டுப் பார்ப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை. நீ அதைத்தான் பார்ப்பாய் என்று உன் அப்பனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இப்போது அதில் காற்றே இல்லை. கொஞ்ச நேரம் ஓடினால் ஒன்றும் ஆகாது. நாலு நாள் சூட்டில் தாங்காது. என் டேப்பும் திருகாணியும் தாங்காது. நம்பாதே.

உன் பொருளைத் திறக்க எனக்கு உரிமை இல்லை. திறந்து பார்க்காவிட்டால் எனக்குக் கை நிற்காது. நோட்டையும் அப்படித்தான் திறந்தேன். உனக்கு ஏதோ ஆபத்து என்று நினைத்தேன், நானே ஆபத்தாகப் போய் நின்றேன். இதைச் சொல்ல ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. கூலர் கெட்டுப்போயிருக்காவிட்டால் இன்னும் சொல்லியிருக்கமாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பஸ் ஏறி வந்துவிடலாம் என்று பையைக்கூட எடுத்தேன். நீ கதவைத் திறந்தால் எந்த முகத்தோடு நிற்பது என்று தெரியவில்லை. பயந்துவிட்டேன். தபாலாபீஸில் திங்கள் சேரும், தப்பினால் செவ்வாய் என்றார்கள். உனக்கு எழுத வேண்டியதை உனக்கே எழுதச் சொன்னாள் உன் அம்மா. அதனால் உறையில் உன் பெயரை எழுதினேன். உன் பெயரை எழுதி எத்தனை நாள் ஆயிற்று.

புதுக் கூலர் ஒன்றைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பார்சல் புதன் அல்லது வியாழன்தான் வருமாம். கடையிலேயே பெட்டியைப் பிரிக்காமல் கட்டச் சொன்னேன். நான் தொடவில்லை. கடைக்கார அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

இருபத்தெட்டாம் தேதி வரமாட்டேன். இதைப் படித்த பிறகும் நீ கூப்பிட்டால் வருகிறேன்.

அப்பா


மார்ச் 29, ஞாயிறு

நண்டின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு வந்தது. நண்டு திங்கள் சாயங்காலமே கிளம்பிவிட்டாள்.

கையெழுத்துப் போட்டு நான்தான் வாங்கினேன். விரைவுத் தபால் என்று இருந்தது. உறையின் மேல் அவள் பெயர் இருந்தது. மனசு கேட்காமல் அவளுக்குப் போன் செய்தேன். "அப்பா உனக்கு எழுதியிருக்காரு. பிரிச்சுப் படிக்கட்டுமா?" என்று கேட்டேன். "வேணாம்மா. எனக்குன்னு எழுதியிருக்காரு. நானே வந்து பிரிக்கிறேன்" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை உங்களுக்கு எப்படி எழுதுவது. சரி என்று உறையை அவள் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ரெண்டர் கால்வாசி தாண்டியிருந்தது.

புதன் காலையில் அந்த உறையைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவசரம் இல்லாமல் இந்த மனிதர் விரைவுத் தபாலில் போடுவாரா என்று தோன்றியது. வெளிச்சத்தில்கூடத் தூக்கிப் பார்த்தேன். பிறகு, நானும் அப்படித்தானா என்று வெட்கமாக இருந்தது. வைத்துவிட்டேன்.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். காதில் ஹெட்போன் மாட்டி டைப் அடித்துக்கொண்டிருந்தேன். திரை அணைந்தது. ஏதோ கருகிய வாசனை. கேபினெட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ரேடியேட்டர் ஓரத்திலிருந்து ஒரு கோடு மாதிரி தண்ணீர் இறங்கி, படத்தை வேகவைக்கிற கிராபிக்ஸ் கார்டின் மேல் தேங்கி நிற்கிறது. ஒயரைப் பிடுங்கினேன். அதற்குமேல் எனக்கு என்ன தெரியும். துண்டை எடுத்துக்கொண்டு நின்றேன், எங்கே துடைப்பது என்று தெரியவில்லை. கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்த்தேன். உங்கள் புதுக் கூலர் சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது. கையெழுத்தோடு.

வியாழன் தேர்வை அவள் முடித்துத்தான் ஆகவேண்டும், ஆகவே இரவுவரை அவளிடம் சொல்லாமல் வைத்திருந்துவிட்டு வந்த பிறகு சொன்னேன். கார்டு போய்விட்டது. தோழியின் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள், மிச்சம் ஓட ஒன்பது நாள் காட்டியது. கல்லூரிக்கு எழுதிக் கேட்டாள். தேதி தேதிதான் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் அந்தத் திரைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

கடிதத்தை வியாழன் இரவே படித்துவிட்டாள். நின்றுகொண்டே படித்தாள். "இது எப்ப வந்துச்சு?" என்றாள். செவ்வாய் என்றேன். "நீ போன் பண்ணியே, அப்பவா?" ஆமாம் என்றேன். தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். 'உடனே நிறுத்து' என்ற வரியைப் படித்ததும் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களைத் திட்டி எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். திட்டு வரவில்லை. நீங்கள் திறந்தீர்கள், நாங்கள் திறக்கவில்லை. இதில் யாரை எங்கிருந்து திட்டுவது. என்னைத்தான் நினைத்து நினைத்து மாய்ந்துபோகிறேன். அவளிடம் கேட்காமலே பிரித்திருந்தால் என்று நூறு தடவை நினைத்தாகிவிட்டது. நூறு தடவையும் அந்தக் குரல் வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறது.

அவள் கத்தவில்லை. நேற்று மத்தியானம் மட்டும் சொன்னாள். "அவரே சொல்லிட்டாரும்மா. அதான் கஷ்டமா இருக்கு. பொய் சொல்லியிருந்தா நிம்மதியா வெறுத்துட்டுப் போயிருப்பேன்." நான் தலையைத் தடவினேன், தடவவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே எனக்குன்னு தனியா எழுத வேணாம்னு எழுதிடு" என்றாள். ஏன் என்று கேட்டேன். "உறை மேல என் பேரைப் பாக்க முடியலம்மா. பிரிச்சாலும் பயம், பிரிக்காட்டியும் பயம்" என்றாள். எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். உங்களை வரச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறாள். பெயர்ப்பலகைக்கு எழுத்து வரைகிற வேலை. படத்தைப் பற்றி இப்போது பேசுவதில்லை.

நீங்கள் எழுதாமல் இருந்துவிடாதீர்கள். எழுதினால் என் பெயருக்கே எழுதுங்கள். வந்த அன்றே பிரித்துவிடுகிறேன்.

அவள் அம்மா